அம்மா செய்யாத நெல்லிக்காய்

நான் இருக்கும் ஊரில் நெல்லிக்காயை ரேடியேட்டர் மேல்தான் காயவைக்க வேண்டியிருக்கிறது. சுவரோரம் பதித்திருக்கும் தட்டையான இரும்புப் பலகை அது. உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும். அதன் ஒரு பக்கம் மகனின் காலுறைகள், மறுபக்கம் பாகில் ஊறிய நெல்லிக்காய்த் தட்டு. லெஸ்டரில் தை மாதத்துச் சூரியன் காலை எட்டு மணிக்கு மேல் வந்து மாலை நான்கரைக்குள் போய்விடுகிறது. இருக்கும் நேரத்திலும் அது வெளிச்சம் மட்டும்தான், வெயில் இல்லை. காயும் மலைக்காய் இல்லை. குஜராத்திக்காரர் கடையில் பையோடு உறைந்து கிடப்பது; கிண்ணத்தில் கொட்டினால் கூழாங்கல் கொட்டியதுபோலச் சத்தம் வரும். வந்த புதிதில் இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரித்துக்கொண்டு செய்வதில்லை, கோபத்தோடுதான் செய்கிறேன். ஊசியால் ஒவ்வொரு காயையும் குத்தும்போது யாரை நினைத்துக் குத்துகிறேன் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் சமையலறைப் பக்கம் வருவதில்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டில் இது கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும் நடக்கும் வேலை. பாபநாசம் மலையிலிருந்து வரும் காயாகப் பார்த்து அம்மா வாங்குவாள். பழுப்பு விழுந்த காயை ஒதுக்கிவிட்டு, சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, கோணி ஊசியால் கொட்டை வரை குத்தி, அரைவேக்காடு வேகவைத்து எடுப்பாள். பிறகு பனங்கற்கண்டுப் பாகு. முதல் நாள் நீர்த்த பாகு. மறுநாள் காயை எடுத்துவிட்டுப் பாகை மட்டும் கொதிக்கவைத்து இறுக்கி, மறுபடி காயைப் போடுவாள். இப்படி ஐந்தாறு நாள். ஒரேயடியாக இறுக்கினால் காய் சுருங்கி முகம் கோணிக்கொள்ளும் என்பாள். கடைசியில்தான் மசாலா: கிராம்பு, சுக்கு, ஏலம், திப்பிலி. அதை அம்மா பொடித்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, மூட்டையாகக் கட்டி, பாகுக்குள் தொங்கவிடுவாள். வாசம் இறங்கியதும் எடுத்துவிடுவாள். பொடி போட்டால் நாக்கில் மண் மாதிரி நெருடும், அது அவளுக்கு ஆகவே ஆகாது. ஒருதரம் மதினி பொடியைக் கையில் எடுத்தபோது, "ஏட்டி செல்வி, ரசமா வைக்கே?" என்று தட்டிவிட்டாள். செல்வி மதினி என் அண்ணனின் மனைவி. அம்மாவோடு கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தவள்.

கல்யாணமாகி தொண்ணூற்றிரண்டில் இங்கே வந்தேன். முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. இங்குள்ள ஆஸ்பத்திரியில் அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இதயத் துடிப்பு இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். இரக்கமில்லாத ஊர் என்று அன்றைக்கு நினைத்தேன். எங்கள் ஊராக இருந்தால் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, பைய அல்லவா சொல்லியிருப்பார்கள்! அப்படித்தான் அப்போது நம்பினேன்.

இரண்டாவது தடவை தங்கியது. ஏழாம் மாதம் வரைக்கும் வாந்தி நிற்கவில்லை. படுக்கையை விட்டு அதிகம் எழக்கூடாது, விமானப் பயணம் கூடவே கூடாது என்றார்கள். அம்மாவுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல அண்ணன்தான் கடிதம் எழுதுவான். வீட்டில் போன் கிடையாது. இரண்டு வீடு தள்ளி இருந்த பூத்துக்குப் போன் செய்து சொல்லி, பத்து நிமிடம் கழித்து மறுபடி செய்தால் யாராவது வந்து நிற்பார்கள். அம்மாவுக்குக் காது சற்று மந்தம், போனில் கத்தவும் கூச்சம். பல தடவை அண்ணன்தான் வருவான். ஆகவே அந்தத் தை மாதம் இரண்டு முறை செய்தபோதும் அவனே வந்ததில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"அம்மா எங்கண்ணே?"

"கோயிலுக்குப் போயிருக்கா. நீ உடம்பைப் பாத்துக்கோ."

அடுத்த தடவை, "தூங்குதாட்டி. எழுப்பவா?" என்று கேட்டான். வேண்டாம், தூங்கட்டும் என்று நானே சொன்னேன். எழுப்பவா என்று கேட்டானே, அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை. மேலப்பாளையத்துக்காரரான காதர் அண்ணாச்சி ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். இங்கே ஒரு துணி ஆலையில் வேலை பார்ப்பவர். எங்கள் ஊர்ப்பேச்சு பேச இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே ஆள். வழக்கமாக வந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார். அன்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கண்ணாடிப் பாட்டிலை என் கையில் கொடுத்து, "வீட்ல குடுத்தாங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூடவே அண்ணனின் கடிதம். "உனக்கு வாய் கசக்குமே என்று அம்மா தன் கையாலேயே செய்தது. தினமும் ஒன்று சாப்பிடச் சொல்லுகிறாள்."

ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இனிப்பு சரியாக இருந்தது. காயும் பதமாகத்தான் இருந்தது. இரண்டாவது கடியில் நாக்கில் நெருடியது. விரலை விட்டுப் பார்த்தேன். பாட்டிலின் அடியில் பழுப்பாகப் பொடி படிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "இது அம்மா செய்தது இல்லையே" என்றேன்.

"மதினி கூடமாட ஒத்தாசை செஞ்சிருப்பாங்க" என்றார், தாளிலிருந்து முகத்தை எடுக்காமலே.

"அம்மா அடுப்புப் பக்கத்துல இருந்தா மதினி பொடி போட முடியாது. அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்காங்க. நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காதே, பிள்ளைக்கு ஆகாது."

கூடத்துக்கு வந்து காதர் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, எங்க அம்மாவைப் பாத்தீங்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டேன். அவர், "பொய் சொல்ல எனக்கு வாய் வரல தங்கச்சி. சொல்லக்கூடாதுன்னு உங்க அண்ணன் என் கையைப் புடிச்சுக் கேட்டான். அம்மா மௌத்தாயிட்டாங்கம்மா. பொங்கல் கழிஞ்ச நாலாம் நாளு உசுரு போச்சு" என்றார். அவர் அழுதது எனக்குக் கேட்டது. நான் அழவில்லை. விரலை மடக்கி எண்ணினேன். முப்பத்தெட்டு நாள்.

முப்பத்தெட்டு நாளும் இது தெரிந்தே என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் என் வீட்டுக்காரர். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், அண்ணனுக்கு எழுதுங்கள் என்று நான் சொன்னபோது, சரி என்று தலையாட்டியிருக்கிறார். பிள்ளைக்கு அம்மா பெயரையே வைக்கலாமா என்று கேட்டபோது, "அவங்களையே கேட்டுக்கலாம்" என்றிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான் வடிவு. அதிர்ச்சி ஆகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களே" என்றார். அவ்வளவுதான். பாட்டிலைத் திறந்து, நெல்லிக்காய் முழுவதையும் அவர் கண் முன்னால் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். அன்றைக்கு என் கையில் கிடைத்த ஒரே பொய் அதுதான். அதைத்தான் என்னால் தூக்கிப் போட முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மிட்வைஃப் வந்தார். கர்ப்பிணிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் தாதி, பெயர் ஜேனட். என் இரத்த அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்து என்ன விஷயம் என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில், மரியாதையாக, "மை மதர் இஸ் லேட்" என்றேன். இறந்தவர்களை அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா வரத்தான் தாமதம் என்று நினைத்துக்கொண்டு ஜேனட் என் தோளைத் தட்டினார். இந்த மூடுபனியில் விமானங்கள் எல்லாம் அப்படித்தான், கவலைப்படாதே, குழந்தை பிறப்பதற்குள் வந்துவிடுவார் என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பத்து வருடமாக இந்த நாட்டில் இருப்பவர், அவருக்கு விளங்கியிருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானேதான் "நோ. ஷீ டைடு" என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஜேனட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எப்போது என்று கேட்டார். இன்றைக்கு நாற்பத்தொரு நாள் ஆயிற்று என்றதும் அவருக்குக் குழப்பம். மூன்று நாளாகத்தான் எனக்குத் தெரியும் என்று விளக்கினேன். மறைக்கச் சொல்லி எங்கள் டாக்டர் யாரும் சொல்லமாட்டார்களே, சொல்லியிருந்தால் நாங்கள் பக்கத்தில் இருந்து சொல்ல உதவியிருப்போமே என்றார். அந்த அச்சடித்த தாள் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு இரக்கமில்லாததாகத் தோன்றியது இன்றைக்கு வேறுமாதிரித் தெரிந்தது. ஆனால் இவர்களையும் மெச்சிக்கொள்ள முடியவில்லை. அடுத்த நிமிடமே ஜேனட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையில் பட்டையைச் சுற்றி மறுபடி இரத்த அழுத்தம் பார்த்தார். என் அம்மாவுக்கு இந்த நாட்டில் கிடைத்தது ஒரு "சாரி"யும் நான்கு நிமிடமும்தான்.

ஏப்ரலில் பையன் பிறந்தான். அம்மாவின் வருஷத் திதிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பதினொரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளோடு போனேன். அண்ணன் வாசலிலேயே, "உன் நல்லதுக்குத்தாம்ட்டி செஞ்சோம்" என்று ஆரம்பித்தான்.

"எனக்கு என்ன நல்லதுன்னு நீ எங்கிட்ட கேட்டியாண்ணே? நம்ம அம்மா செத்ததுக்கு நான் அழக்கூடாதுன்னு முடிவு பண்ண நீ யாரு?"

"பிள்ளை நல்லா இருக்கணும்னுதானே நினைச்சோம்?"

"தூங்குதா, எழுப்பவான்னு கேட்டியே. நான் எழுப்புன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே?"

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப்பக்கம் நடந்தான்.

மதினி என்னை அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். "நான் சொல்லிருங்கன்னுதான் சொன்னேன் வடிவு. பொம்பளை பேச்சை யாரு கேக்கா? உங்க அண்ணனும் உங்க வீட்டுக்காரரும் போன்லயே பேசி முடிச்சுட்டாங்க" என்றாள்.

"பின்ன ஏன் மதினி அம்மா செஞ்சதுன்னு நெல்லிக்காயை அனுப்பினீங்க?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "அத்தை செஞ்சதுதானட்டி அது" என்றாள்.

அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. எனக்கு வாந்தி நிற்கவில்லை என்று கேள்விப்பட்டு அம்மாவே காய் வாங்கி, அவளே ஊசியால் குத்தி, நாலு நாள் பாகு ஏற்றியிருக்கிறாள். ஐந்தாம் நாள் விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. "வீட்டுல அடுப்பு மூட்டக்கூடாதே. சட்டியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்து, கெட்டுப்போகாம சூடு பண்ணி வைக்கச் சொன்னேன். பதினாறு முடிஞ்சு மசாலா மட்டும்தான் பாக்கி. மூட்டை கட்டத் துணி தேடினேன். அத்தை பெட்டியில இருந்த துணியெல்லாம் எடுத்துக் குடுத்தாச்சு. எனக்குக் கையும் ஓடல, பொடிச்சுப் போட்டுட்டேன். நல்லா இருந்துச்சா?"

குப்பைத்தொட்டியில் கொட்டினேன் என்று மதினியிடம் நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில்தான் முதல்முறையாகச் சொல்கிறேன். நல்லா இருந்துச்சு மதினி என்றேன். அந்த வகையில் எங்கள் குடும்பத்தில் நானும் சேர்ந்தவள்தான்.

ஆனால் அந்தப் பழியை நான் மட்டும் சுமக்கத் தயாரில்லை. "அம்மா போய்விட்டாள், இது அவள் பாதி செய்து வைத்தது, மீதியை மதினி முடித்தாள்" என்று இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தால், அந்தப் பாட்டிலை நான் பத்து வருடம் வைத்திருப்பேன். ஒவ்வொரு காயிலும் அம்மா குத்திய துளையைத் தடவிப் பார்த்திருப்பேன். உண்மையான காயைப் பொய்க் கடிதத்தில் சுற்றி அனுப்பினார்கள்; நான் இரண்டையும் சேர்த்து எறிந்தேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களே, கடல் தாண்டிப் போன உங்கள் பிள்ளைகளிடம் சாவை மறைக்காதீர்கள். தாங்கமாட்டாள் என்று நினைப்பது உங்கள் பயம். சொல்லாமல் இருப்பது உங்களுக்குச் சுலபம், அதற்கு அன்பு என்று பெயர் வைக்காதீர்கள். என்னைப்போல் புலம்பெயர்ந்தவர்களுக்கும் ஒன்று. இன்றைக்கே வீட்டுக்கு எழுதி, யாருக்கு என்ன ஆனாலும் முதலில் எனக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் மதினியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அண்ணனோடு பேசுகிறேன், நெல்லிக்காயைப் பற்றியும் மழையைப் பற்றியும். அதற்கு மேல் இன்னும் போகவில்லை.

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று ஊரிலிருந்து மதினி வருடாவருடம் அனுப்பும் தினசரிக் காலண்டர். அதில் அம்மாவின் திதியைத் தேடிப் பிடித்து நானே மடித்து வைப்பேன். அன்றைக்கு அண்ணன் தாமிரபரணியில் முழுகி எள்ளும் தண்ணீரும் இறைப்பான். மற்றது இந்த ஊர்க் காலண்டர். அதில் பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி பென்சிலால் வட்டமிட்டிருக்கும்; எனக்கு அம்மா இறந்தது அன்றைக்குத்தான். திதி வருடாவருடம் நகர்வதால் இரண்டு நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒருபோலிருப்பதில்லை. ஒரு வருடம் முப்பத்தொன்பது நாள் வந்தது, மறுவருடம் இருபது. அந்த நாட்களில் திருநெல்வேலியில் அம்மா இல்லை. லெஸ்டரில் அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள், தூங்கிக்கொண்டிருக்கிறாள். இந்த வருடம் நாற்பத்தொரு நாள். இன்றைக்குக் காலையில் மதினி அனுப்பிய காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தேன். இன்னும் பத்தொன்பது நாள் அவள் இங்கே உயிரோடு இருப்பாள்.