நீங்க எந்தப் பக்கம்?

வெளியே நின்று ஃபிட்டர் அந்தக் கதவைத் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று தட்டு, சிறிது இடைவெளி, மறுபடி மூன்று. உள்ளே, தாழ்ப்பாளுக்கு முன்னால் நான் நின்றிருந்தேன்.

சர்க்கரை ஆலையில் முப்பத்தோரு வருடம் நான் எடைமேடைக் குமாஸ்தா, அவர் ஃபிட்டர். கல்வராயன் மலை அடிவாரத்தில் தன் ஊரில் புதிதாகக் கட்டிய மாதாகோயிலில் ஒரு தூண்கூட இல்லை என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அருவி பார்க்க மலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்களாம். இந்த வருடம் தை மாதத்தில், முழங்கால் வலியோடும் பிரஷர் மாத்திரையோடும் பஸ் ஏறினேன்.

தூண் இல்லைதான். கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் போல வட்டமான கட்டடம். முப்பத்தாறு கான்கிரீட் விலாக்கள் உச்சியில் சேர்ந்து ஒரு கண்ணாடி வட்டத்தைப் பிடித்திருந்தன. பீடம் நட்டநடுவில். சுற்றிலும் ஒரே அளவில் பன்னிரண்டு கதவுகள். இருமுறை சுற்றி எண்ணினேன். எதிரெதிரே இருந்த இரண்டுதான் திறந்திருந்தன. பன்னிரண்டு வைத்துவிட்டுப் பத்தை மூடுவானேன் என்று எனக்கு எரிச்சல்.

சாமியார் இல்லாத நாட்களில் கோயிலைக் கவனிக்கும் உபதேசியார் வாசலில் மரியாதையாகக் கேட்டார்: "சார் எந்தப் பக்கங்க?"

"சின்னசேலம் பக்கம். நைனார்பாளையம்."

ஃபிட்டர் தலையைக் குனிந்து சிரித்தார். பிறகு என்னை மரத்தடிக்குக் கூட்டிப்போய் விளக்கினார். பழைய கோயிலில் ஊர்த்தெரு ஜனத்துக்கு ஒரு கதவு, காலனி ஜனத்துக்கு ஒரு கதவு. அந்தச் சண்டை ஓயட்டும் என்றுதான் முன்பிருந்த சாமியார், பக்கமே இல்லாமல் வட்டமாகக் கட்டினாராம். அவர் மாற்றலாகிப் போனதும் பத்துக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் விழுந்தது. வட்டத்திலும் பக்கம் கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபிட்டர் காலனிக்காரர் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கோயிலுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை என்பது தெரியாது. அத்தனை வருடம் ஒன்றாக டீ குடித்திருக்கிறோம்.

"காலனிக் கதவுல போவ மாட்டேன் சார். ஊர்க் கதவும் வாணாம். மீதி பத்துல ஒன்னுல போவணும்" என்றார்.

வெளியூர்க்காரர் எந்தக் கதவிலும் போகலாம் என்றார் உபதேசியார். ஃபிட்டரிடம் குரல் மாறியது. "உனக்குத் தெரியாததா? மாமூல் வழியா வா."

நான் ஊர்க் கதவு வழியாகவே உள்ளே போனேன். திறந்த இரண்டுக்கும் சரிநடுவில் இருந்த கதவில்தான் அந்தத் தட்டல் கேட்டது. பின்னாலேயே வந்த உபதேசியார், ஊர்த்தெருப் பெரியவர்கள் காதுக்குப் போனால் தன் வேலை போய்விடும் என்று கெஞ்சினார். அடுத்த ஊர் வம்பு எனக்கு எதற்கு? மேலே பார்த்து விலாக்களை மறுபடி எண்ண ஆரம்பித்தேன். பயம் வந்தால் எனக்குக் கணக்குதான் வரும். வாய்விட்டு எண்ணியிருக்கிறேன் போலிருக்கிறது.

"இன்னா சார், எண்ணிக்கினே நிப்பீங்களா? தாப்பாள எடுங்க."

எடுத்தேன். ஃபிட்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முதலில் கூரையைப் பார்த்தார். "வேல சுத்தமா கீது" என்றார். பிறகுதான் முழங்காலிட்டார். அவர் ஜெபம் முடிப்பதற்குள் நான் அடுத்த கதவுக்குப் போயிருந்தேன். எட்டுத் தாழ்ப்பாள்கள் எளிதாக வந்தன. கடைசி ஒன்று துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. "இத எனக்கு வுடுங்க" என்று எழுந்து வந்து அவரே திறந்தார்.

சாயங்காலமே எல்லாவற்றையும் மூடிவிடுவேன் என்றார் உபதேசியார். மூடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறோம் என்றேன்.

போனோம். மூடியிருந்தன. திறந்தேன். அவர்கள் மூடுகிறார்கள், நான் திறக்கிறேன். இதுவரை பதினான்கு ஞாயிறு. என் மகன் வயதுக்கேற்ற வேலையைப் பார்க்கச் சொல்கிறான். இதுதான் பார்க்கிறேன்.

போன ஞாயிறு நாங்கள் போய்ச் சேர்வதற்குள், நடுக்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. யார் திறந்தது என்று உபதேசியாரைக் கேட்டேன். காற்றாக இருக்கும் என்றார். தாழ்ப்பாளில் புதிதாக எண்ணெய் விட்டிருந்தது.