அவர் பெயரில் நடந்த விழா

என் கணவர் இறந்ததை மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். முன்வரிசையில் நானும் என் மகளும் உட்கார்ந்திருந்தோம். இப்போதும் இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

அவர் திருவனந்தபுரத்தில் போக்குவரத்துப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தார். ஒரு மழைநாள் மாலை பைபாஸில் மரம் சாய்ந்துவிட, வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவனின் கார் தடுப்பை இடித்துத் தள்ளிவிட்டு அவர் மேல் ஏறியது. எதிரே இருந்த டைல்ஸ் கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மறுநாள் விடிவதற்குள் ஊரில் எல்லார் போனிலும் அது இருந்தது. ஓட்டியவன் ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு இன்னும் இழுக்கிறது.

ஆரியசாலையில் என் அப்பாவின் ஹார்டுவேர் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்த நாட்களில் ஆணி வாங்க வருகிறவர்கள்கூட, "அந்த வீடியோ கண்டேன் சேச்சி, சகிக்கான் பற்றில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சகிக்க முடியாததை ஏன் பார்த்தார்கள், பார்த்ததை ஏன் என்னிடம் சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. நான் அதைப் பார்க்கவில்லை. மகளும் பார்த்துவிடக்கூடாது என்று அவள் போனை வாங்கி வைத்தேன். வகுப்பாசிரியையிடம் போய்ப் பேசினேன். அவளுடைய தோழிகளின் வீடுகளுக்கு நேரில் போய், அம்மாக்களிடம் கெஞ்சினேன். அவள் பார்க்கவில்லை.

பிறகு அவரோடு போலீஸில் சேர்ந்தவர்கள் கூடி, அவர் பெயரில் ஒரு கல்வி உதவித்தொகை தொடங்கினார்கள். முதல் இரண்டு வருஷமும் எளிமையாகத்தான் நடந்தது. ஒரு சின்ன அறையில் பிள்ளைகள் வருவார்கள், வாங்கிக்கொள்வார்கள், சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவருடைய படம்கூட ஓர் ஓரமாகத்தான் இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் தலைவராக வந்தார். விழா கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு மாறியது. செயலாளர் என் கணவரின் நெருங்கிய நண்பர், நாகர்கோவில்காரர், அவரும் போலீஸ்தான். என்னை, அவர் ஊரில் அண்ணியைச் சொல்வதுபோல், மைனி என்றுதான் கூப்பிடுவார். "இந்தத் தடவ ஒரு சர்ப்ரைஸ் உண்டு மைனி, பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க" என்றார். கூட்டிப்போனேன்.

முதலில் ஒரு பெண்ணை மேடைக்கு அழைத்தார்கள். அவளுடைய அப்பா சாலைக் கம்போளச் சந்தையில் சுமை தூக்கியவர். எங்கள் கடைப் பெட்டிகளையும் இறக்கியிருக்கிறார். மூட்டையோடு விழுந்து முதுகு போய்விட்டது. நிகழ்ச்சியை நடத்திய பெண் மைக்கை அவள் வாயருகே கொண்டுபோய், "அச்சனுக்கு இப்ப நடக்கான் பற்றுமோ மோளே? வீட்டுல எப்படிக் கழியுது? எல்லாரும் கேக்கட்டும், சொல்லு" என்றாள்.

அந்தப் பெண் மைக்கைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு பயாலஜிதான் இஷ்டம்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

திரையில் எங்கள் கல்யாணப் படம் வந்தது. அவர் சீருடையில் நிற்கிற படம் வந்தது. வயலின் இசை. பிறகு மழை பெய்கிற ஒரு சாலை. எனக்குப் புரிந்துவிட்டது. மகளின் கண்ணைப் பொத்தினேன். அவள் என் கையை விலக்கினாள். ஆட்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமென்று அவரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். கார் வருகிற இடத்தில் மெதுவாக ஓட விட்டிருந்தார்கள். யாரோ உட்கார்ந்து, ரசித்து, நேரம் செலவழித்து அந்த வட்டத்தைப் போட்டிருக்கிறார்கள்.

மேடை ஓரத்தில் கம்ப்யூட்டரோடு இருந்தவரிடம் போய் நிறுத்தச் சொன்னேன். அவர் தலைவரைப் பார்த்தார். நான் குனிந்து ஒயரைப் பிடுங்கினேன். திரை இருண்டது. பின்னால் யாரோ, "கரண்ட் போயி" என்றார்கள்.

"கரண்ட் போகல. நான்தான் புடுங்கினேன்," என்றேன். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. வேறு ஒன்றும் பேசாமல் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

செயலாளர் வாசலுக்கு ஓடி வந்தார். "மைனி, தப்பா எடுக்காதிய. ஆளுகளுக்கு மனசுல தைக்கணும்லா? அப்பத்தான் நன்கொடை வரும். பிள்ளைகளுக்குத்தானே."

"விபத்து நடந்த எடத்துல அவரு மொதல்ல என்ன செய்வாருன்னு உனக்குத் தெரியாதா? கூட நின்னவன்லா நீ?"

அவருக்குத் தெரியும். என் கணவர் தன் மழைக்கோட்டைக் கழற்றி, கிடக்கிறவர் மேல் போடுவார். போனைத் தூக்கிப் படம் எடுக்கிறவர்களைக் கெட்ட வார்த்தை சொல்லித் துரத்துவார். அதற்காக மேலதிகாரியிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். பின்னாலேயே வந்த தலைவர், "சேச்சி இமோஷனலாயிப் போச்சு. சாரமில்ல, பரவாயில்ல, அடுத்த வருஷம் எடிட் செய்து போடலாம்" என்றார். அவரை அடித்திருப்பேன். மகள் என் கையைப் பிடித்திருந்தாள்.

ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா கடைசியில கை காட்டினது அந்தக் காருக்கு இல்லம்மா. பக்கத்துல ஸ்கூட்டர்ல ஒரு பொம்பள நின்னா. அவளை ஓரமா மாறச் சொன்னாரு. அவ மாறிட்டா."

எனக்கு அது தெரியாது. நான் கடைசிவரை பார்க்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டதில் ஆறுதல் இல்லாமலில்லை. ஆனால் என் பிள்ளை தன் தகப்பனின் கடைசிக் காரியத்தை முன்னூறு பேர் நடுவில், வயலின் இசையோடு தெரிந்துகொண்டாள் என்பதற்காக நான் யாரையும் மன்னிக்கப்போவதில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு நானே போனேன். மேடை கூடாது, திரை கூடாது, எந்தப் பிள்ளையிடமும் வீட்டுக் கஷ்டத்தை மைக்கில் கேட்கக் கூடாது, இல்லையென்றால் அவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். தலைவர் எழுந்து போனார். பெரிய நன்கொடைக்காரர்களும் அவரோடு போனார்கள். இப்போது அவருடைய நண்பர்கள் மட்டும் சேர்ந்து, முன்பைவிடக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். பணம் நேராக வங்கிக்குப் போகிறது. பயாலஜி இஷ்டம் என்ற பெண் நர்ஸிங் படிக்கிறாள்.

"ஒங்க பிடிவாதத்தினால எத்தனை பிள்ளைகளுக்கு இல்லாமப் போச்சு தெரியுமா" என்று சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுடாமல் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை படிப்பதற்கு அதன் அப்பன் ஊர் முன்னால் தலை குனிய வேண்டும் என்று வைத்தவர்களிடம் ஏன் யாரும் கேட்பதில்லை?

சென்ற மாதம் ஓர் இளம்பெண் போன் செய்தாள். அவளுடைய கணவரும் போலீஸ், வேலையில் இறந்தவர். அதே ஒப்பந்தக்காரர் அவர் பெயரில் ஒரு நிதி தொடங்குகிறாராம். போகலாமா என்று கேட்டாள்.

"போ. ஆனா என்ன காட்டப்போறீங்கன்னு மொதல்ல கேட்டுட்டுப் போ."

"அப்படிக் கேட்டா மோசமா நெனைப்பாங்களே சேச்சி."

"நெனைக்கட்டும்," என்றேன். விழா என்றைக்கு என்று கேட்டு வைத்துக்கொண்டேன். அவளோடு நானும் போகிறேன்.