அம்பலத்தின் மகள் வீசிய துண்டு

1. மாசியில் அப்பா இறந்தார். அவர் எங்கள் ஊர் அம்பலம். அவருடைய அப்பாவும் அம்பலம்.
2. கருமாதி முடிந்த கையோடு, பட்டம் சித்தப்பா மகனுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. அவன் சிங்கப்பூரில் இருக்கிறான்.
3. வீடும் வயலும் ஒரே பிள்ளையான எனக்கு வந்தன. அதில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.
4. வைகாசியில் கண்மாய் வற்றியது. மீன்பிடிக்கு நாள் குறித்தார்கள்.
5. அன்றைக்குத் துண்டை நான் வீசினேன்.

அம்பலம் என்றால் ஊர்த் தலைவர்; ஆனால் அது வெறும் பட்டம். சம்பளமோ மானியமோ கிடையாது. கோயிலில் முதல் திருநீறு, கூட்டத்தில் முதல் பேச்சு, பிறகு இந்தத் துண்டு. மீன்பிடி நாளில் வலையும் அடியில்லாத ஊத்தாக் கூடையுமாக ஊரே கண்மாயைச் சுற்றி நிற்கும். அம்பலம் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசினால்தான் தண்ணீரில் கால் வைக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

நான் திருச்சியில் ஒரு பம்பு கம்பெனியில் பொறியாளர். கீரனூரிலிருந்து வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது, இங்கிலாந்தில் பரம்பரையாக வரும் 'சர்' பட்டம் வைத்திருந்த ஒருவர் இறந்ததைப் பற்றிப் போனில் படித்தேன். அங்கேயும் பட்டம் மகளைத் தாண்டித் தூரத்துப் பங்காளிக்குப் போயிருந்தது. மகள் என்ன சொன்னாள் என்று அதில் இல்லை. நான் சொன்னதையாவது எழுதிவைக்கிறேன்.

மீன்பிடி அன்றைக்கு, மகனை வீடியோ காலில் துண்டு வீசவைத்து, போனைத் தூக்கிக் காட்டுவதாக இருந்தார் சித்தப்பா. "சிங்கப்பூர்ல வீசுனா அங்கிட்டுள்ள மீனுல்ல ஓடும்" என்றார் கரையில் நின்ற ஒருவர். சிரித்தார்கள். எதிர்க்கரைக்குப் போன் தெரியாது, பக்கத்தில் நிற்பவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். சித்தப்பா உடனே ஒத்துக்கொண்டு, மகனுக்குப் பதில் தானே வீசுவதாகச் சொன்னார். பிரச்சினை போன் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான் வீசுறேன் சித்தப்பா. அப்பாவுக்கு இருக்குற ஒரே புள்ள நான்."

"பொம்பளப்புள்ள வீசி யாரும் எறங்குனதில்லம்மா."

"எறங்கலைன்னா அப்படியே நிக்கட்டும்."

அப்பாவின் துண்டு என் தோளில் இருந்தது. ஏறி வீசினேன். யாரும் அசையவில்லை. ஆண்கள் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் குனிந்து போனைப் பார்த்தார். ஒருவரும் இறங்காமல் போனால், இனி எந்தப் பெண்ணையும் அந்த இடத்தில் நிற்கவிட மாட்டார்கள், அன்றைக்கே பார்த்தோமே என்பார்கள். மறுபடி வீசினேன். கை ஓயும்வரை நிறுத்துவதாக இல்லை.

கரையின் அந்தக் கோடியில் மதினி முறையுள்ள ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஊத்தாவோடு இறங்கினார். "வீசியாச்சுல்ல, இன்னும் யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று ஆண்களைக் கேட்டபடியே கூடையைச் சேற்றில் அழுத்தினார். முதல் விரால் அவருக்குப் போய்விடும் என்றதும் ஊரே இறங்கியது.

கோயிலில் முதல் திருநீறு இப்போதும் சித்தப்பா மகன் பெயருக்குத்தான். சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. அடுத்த வருஷம் யார் வீசுவது என்று கூட்டம் முடிவு செய்யவில்லை. நான்தான் வீசுவேன் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன்.