கம்பளத்துச் சிவப்பு

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தால் எழுதவே மாட்டேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும்.

என் மனுசன் கப்பலில் வேலை செய்தவர். பாரசீகப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் வாங்கி, தோளில் சுமந்துகொண்டு வந்து வல்வெட்டித்துறை வீட்டில் இறக்கிய கம்பளம் அது. சுத்தக் கம்பளி. வெள்ளை நிலம், நீலக் கரை. அவர் போய்ப் பதினொரு வருசம். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோது பெட்டியை விட்டுவிட்டு அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனவள் நான். ஒருவருக்கும் இரவல் கொடுத்ததில்லை.

இந்த வைகாசியில் சண்டிலிப்பாயில் என் தங்கச்சியின் இளைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வந்து நிற்கிற இடத்தில் விரிக்க வேண்டும் என்று தங்கச்சி கேட்டாள். கூடப் பிறந்தவள். கொடுத்தேன். அன்றைக்கென்று எனக்குக் காய்ச்சல், போகவில்லை.

நாலாம் நாள் தங்கச்சியின் மூத்த மகள் கம்பளத்தை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். கயிற்றால் மூன்று கட்டு. அவிழ்க்க வேண்டாம் என்று கட்டின கட்டு.

"என்னடி பிள்ளை, ஏன் ஈரமாக் கிடக்கு?"

"மழை, பெரியம்மா."

"இந்த வெயிலுக்கை எந்த ஊரிலையடி மழை?"

விரித்தேன். நடுவில் தோசைக்கல் அளவுக்குச் சிவப்பு.

"ஆலாத்தித் தண்ணி, பெரியம்மா. முதல் எடுத்தது வடிவா வரேல்லை, இன்னொருக்கா எடுங்கோ எண்டு வீடியோக்காரன் சொன்னவன். எடுத்த மாமிக்குக் கால் தடக்கிப் போச்சு."

மாப்பிள்ளைக்குச் சுற்றுகிற ஆலாத்தியை இரண்டாம் தரம் எடுத்தார்களாம். கண்ணூறு கழிக்கிறதும் இவர்களுக்கு நடிப்பு.

"சவுக்காரம் போட்டனீங்களோ?"

"ஓம். தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது."

சிவக்காமல் என்ன செய்யும்? மஞ்சளில் சுண்ணாம்பு பட்டாலும் சிவக்கும், சவுக்காரம் பட்டாலும் சிவக்கும். கறிச்சட்டி கழுவுகிறவளுக்கு இது தெரியாதா?

"வேறை ஒண்டும் கலக்கேல்லையே?"

"ஐயோ, இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும்தான்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். நம்பினேன்.

அந்தச் சிவப்பை முறிக்கிறது எலுமிச்சைப் புளி. ஆறு தேசிக்காய் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் கலந்து, பழந்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கம்பளியைத் தேய்க்கக் கூடாது, சுடுதண்ணீர் காட்டக் கூடாது, திரண்டுவிடும். கறையின் ஓரமெல்லாம் மஞ்சளுக்குத் திரும்பியது. மஞ்சளை வெயில் எடுத்துவிடும். மூன்று நாள் முற்றத்தில் காயப்போட, ஓரம் வெளுத்தது. நடு வெளுக்கவில்லை. திரும்பவும் தேசிக்காய் விட்டேன். விட விட அது அப்படியே இறுகிக்கொண்டு நின்றது.

கடைசியில் ஓட்டோ பிடித்து யாழ்ப்பாணத்தில் ஒரு லோண்டரிக்குக் கொண்டுபோனேன். அந்த மனிதர் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"இது வெறும் மஞ்சள் இல்லை அம்மா. பலகாரத்துக்குப் போடுற சிவப்புப் பவுடர் கலந்திருக்கு. புளி ஏதும் விட்டனீங்களோ?"

"தேசிக்காய்."

"அதுதான். கம்பளிக்குச் சாயம் போடுறவை புளிப்பு விட்டுத்தான் பிடிக்க வைக்கிறவை. முதலே வெறும் பச்சைத் தண்ணியிலை ஒத்தியிருந்தா முக்கால்வாசி போயிருக்கும். இனி ஏலாது."

கடை வாசலிலேயே நின்று தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அக்கா, கொஞ்சம் கலர் போட்டதுதான். வீடியோவிலை வெளிறிப் போகுமெண்டு போட்டது. பிள்ளை பயத்திலை சொல்லேல்லை. தேசிக்காய் விட்டது நீங்கள்தானே? பழசுதானே அக்கா, என்ரை மகன் லண்டனிலையிருந்து புதுசு ஒண்டு அனுப்புவான்."

"உவன் அனுப்பிறதை நீ விரிச்சுப் படு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஊற்றுப்பட்டது குற்றமில்லை. யாருக்கும் கால் தடக்கும். ஒரு சொல் உண்மை சொல்லியிருந்தால் கம்பளம் தப்பியிருக்கும். என்மேலும் எனக்குக் கோபம். எனக்குத் தெரியாததா என்கிற எடுப்பில், ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் ஆறு தேசிக்காயையும் கொட்டியவள் நான்தான்.

கம்பளத்தை முன் அறையில் விரித்தேன். ஒரு மாதம் கழித்துத் தங்கச்சி பயித்தம் பணியாரத்தோடு வந்தாள். வந்ததும் வராததுமாகச் சின்ன மேசையை இழுத்துச் சிவப்பின்மேல் வைத்தாள். நான் திருப்பி இழுத்து ஓரத்தில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, கோயில் திருவிழாவுக்குச் சொல்ல அயலுக்குள் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி குனிந்து பார்த்து, "இதென்னக்கா, இவ்வளவு வடிவான காப்பெட்டிலை?" என்றாள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் அடி விழப்போகிற நேரம் பார்க்கிற அதே பார்வை.

"என்ரை தங்கச்சி வீட்டிலை சாயம் ஊத்துப்பட்டது. என்ன சாயமெண்டு ஒளிச்சுப்போட்டினம். நான் தேசிக்காய் விட்டு அதை இறுக்கிப்போட்டன்" என்றேன்.

"போட்டு வாறன் அக்கா" என்று தங்கச்சி எழும்பினாள்.

"ஓம்" என்றேன். இரு என்று சொல்லவில்லை.