இருபத்திரண்டு கோழிக்குஞ்சுகளின் தாய்

மழலையர் பள்ளியில் மூன்று வயதுக்காரர்களை மேய்க்கும் அந்த மிஸ்ஸுக்கு வலது கட்டைவிரல் எப்போதும் மஞ்சளாகத்தான் இருக்கும். ஐந்து வருடமாகத் தற்காலிக வேலை. இந்த வருட ஓவியக் கண்காட்சியில் பெற்றோர் வாயைப் பிளந்தால் வேலை நிரந்தரம் என்று பெரிய மிஸ் சொல்லியிருந்தார்.

பாடம் என்னவோ எளிதுதான். கட்டைவிரலைச் சாயத்தில் தோய்த்துத் தாளில் அழுத்தினால் கோழிக்குஞ்சின் உடம்பு. சுண்டுவிரலை வைத்தால் தலை. காலையும் அலகையும் பேனாவால் இழுத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகள் விரலைத் தாளில் வைப்பதற்கு முன் வாயில் வைத்தார்கள். மிச்சத்தைப் பக்கத்துப் பிள்ளையின் தலையில் தடவினார்கள். தாளில் விழுந்ததெல்லாம் லாரி ஏறிய குஞ்சு மாதிரி இருந்தது. 'குழந்தையைச் சுதந்திரமாக விடுவோம்' என்று வாசலில் பலகை மாட்டியிருந்த பெரிய மிஸ், "இதையா மாட்டப் போறீங்க? மானமே போயிடும்" என்றார்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் மிஸ் கதவைச் சாத்திக்கொண்டு, புதுத் தாள்களில் தன் விரலாலேயே இருபத்தொரு குஞ்சு பொரித்தார். ஒரே ஒரு தாளை மட்டும் தொடவில்லை. அதே வகுப்பில் படிக்கும் அவருடைய சொந்த மகள் செய்தது அது. மஞ்சள் மேல் பச்சை, பச்சை மேல் முழு உள்ளங்கை. பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

கண்காட்சி அன்று காலையில் பெரிய மிஸ் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"இது யாரோடது?"

"என் பொண்ணோடது மேடம்."

"டீச்சர் பொண்ணே இப்படின்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க? இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

பத்து நிமிடம் எதற்கு? பழகிய விரலுக்கு ஒன்றே போதும்.

பெற்றோர் வந்தார்கள். ஒரே கட்டைவிரலில் பிறந்த இருபத்திரண்டு குஞ்சுகளில் தங்கள் வீட்டுக் குஞ்சுக்கு மட்டும் தனிக் களை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். "எங்க அப்பாவோட கைவாகு அப்படியே வந்திருக்கு" என்று ஓர் அம்மா கண் கலங்கினார். ஓர் அப்பா, பக்கத்துக் குஞ்சு அளவுக்கு உன்னுடையது இல்லையே என்று மகனைத் திட்டினார்.

மகள் தன் புகைப்படம் ஒட்டியிருந்த தாளின் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, என்னோடது எங்க?"

"இதுதான் கண்ணு."

"இது நான் பண்ணல." அவள் தன் கட்டைவிரலை அந்த அச்சின் மேல் வைத்துக் காட்டினாள். சுற்றிலும் மஞ்சள் மிஞ்சியது.

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய மிஸ்ஸும் பார்த்தார், சிரித்த முகம் மாறாமல்.

"நீதான் கண்ணு பண்ணே" என்றார் மிஸ். "மறந்துட்டே."

மகள் விரலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "சரிம்மா" என்றாள்.

நிரந்தர வேலைக்கான கடிதம் அன்றைக்கே கைக்கு வந்தது. மிஸ் அதை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய் அழுது, முகம் கழுவிவிட்டு வந்தார். அதற்குள் மகள் யாரோ ஒருவரை இழுத்து வந்து படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது நான்தான் பண்ணேன் அங்கிள். மறந்துட்டேன்."