உள்பாக்கெட்டில் ஓர் எண்

ஒன்பது வயதில், கிட்டத்தட்ட ஒரு வருடம், என் அம்மாவைத் திருடி என்று நான் நம்பினேன். அதனால் அவள்மீது பாசம் குறைந்துவிடவில்லை. பயம்தான் கூடிப்போனது. முதல் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். வயிற்றுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். அதையும் குடித்துவைத்தேன்.

எல்லாம் ஒரு தோல் ஜாக்கெட்டால் வந்த வினை.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அம்மா, தோல் ஜாக்கெட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் டெய்லர். அப்பா லாரி ஓட்டினார், வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருந்தால் அதிசயம். வீட்டில் நானும் என்னைவிட நான்கு வயது இளைய தம்பியும் அம்மாவின் பழைய தையல் மிஷினும்தான்.

எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் உடுப்புகள் எல்லாமே வேறு யாரோ போட்டுக் கழித்தவை. நவம்பர் பிறந்ததும் அம்மா வேலூருக்கு பஸ் ஏறுவாள். கோட்டைப் பக்கம் நடைபாதையில் பாய் ஒருவர், வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வந்த பழைய துணிகளைத் தார்ப்பாயில் குவித்துப் போட்டு விற்பார். அம்மா அந்தக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே நல்ல துணியை உருவிவிடுவாள். பிறகு பேரம். பாய் அழாத குறையாகக் கொடுப்பார். யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாளின் கோட்டு டிசம்பரில் எனக்குக் கவுனாகும். ஜன்னல் திரை தம்பிக்குச் சட்டையாகும். லேஸ், முத்து பட்டன், கண்ணாடிச் சில்லு என்று அம்மா எதையாவது வைத்துத் தைத்துக்கொண்டே இருப்பாள், அவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஒரு வருடம் தம்பியின் சட்டையில் சுருக்கம் கொஞ்சம் ஜாஸ்தியாகி, போதகர் அவனை ஞாயிறுப் பள்ளியில் பெண்பிள்ளைகள் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். ஆனாலும் சபையில் பெண்கள் வந்து, "எந்தக் கடை?" என்று கேட்காமல் போனதில்லை. அம்மா சிரித்து மழுப்பிவிடுவாள்.

துணி எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போவது வழக்கம். அந்த வருடம் தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் அவள் மட்டும் போனாள். திரும்பி வந்தபோது பையில் இருந்தது ஒரே ஒரு கறுப்புத் தோல் ஜாக்கெட். ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக்காரன் போட்டுத் தேய்த்தது, முழங்கையில் வெளுத்திருந்தது.

"இத சின்னதாக்கி உனக்குத் தெச்சுத் தர்றேன்" என்றாள் அம்மா. அவள் முகம் என்னவோ போலிருந்தது. "நான் பிரிச்சுக்கிறேன். இந்த உள்பாக்கெட்ட மட்டும் யாரும் தொடாதீங்க."

தொடாதே என்று சொன்ன பிறகு ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யுமோ அதைச் செய்தேன். அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் அந்தப் பாக்கெட்டை வெளியே இழுத்துத் திருப்பினேன். கறுப்பு லைனிங் துணியில், மங்கிய வெள்ளி மையில், 318 என்று எழுதியிருந்தது.

அது என் அம்மாவின் நம்பர். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருப்பது. எழுத்தும் அவளுடையதுதான். அம்மா எட்டு போட்டால் சின்ன வட்டத்தைப் பெரிய வட்டத்தின்மேல் தனியாக உட்கார வைப்பாள். அதைப் பார்த்து நானும் அப்படிப் போட்டு டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியில் தைத்து முடிக்கும் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் டெய்லர் தன் நம்பரை உள்ளே எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். தையல் கோணல், நூல் பிரிந்தது என்று புகார் வந்தால் ஆளைப் பிடிப்பதற்கு. பிடித்ததும் மைக்கில் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "மைக்குல நம்பர் வந்தாலே வயித்தக் கலக்கிடும்" என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் இந்த ஜாக்கெட் கம்பெனியில் அம்மா தைத்தது. அம்மா தைப்பதெல்லாம் பெட்டியில் போய், கப்பலில் ஏறி, கடல் தாண்டிப் போவது. அப்படிப் போக வேண்டியது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு எப்படி வரும்? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வழிதான் இருந்தது.

அந்த வழியில் போனவளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே வருடம் ஒரு சாயங்காலம், வீட்டுச் சாவி வாங்க கம்பெனி கேட்டுக்குப் போயிருந்தேன். சங்கு ஊதியதும் பெண்கள் வரிசையாக வந்து பையையும் டிபன் பாக்ஸையும் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். எங்கள் எதிர்வீட்டு அத்தையின் டிபன் பாக்ஸிலிருந்து உள்ளங்கை அகலத் தோல் துண்டு ஒன்று வெளியே வந்தது. மகளுக்குப் பர்ஸ் தைக்க எடுத்தாளாம். அவளை கேட் ஓரமாக நிற்க வைத்தார்கள். அத்தனை பெண்களும் கடந்து போகும் வரை அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவும் நானும் கடந்தபோது அம்மா என் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினாள். அடுத்த மாதம் அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு நெமிலிப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் மகள் என் தோழி. போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

உள்ளங்கை அகலத் துண்டுக்கே அந்த கதி என்றால், முழு ஜாக்கெட்டுக்கு? ஜெயில்தான் என்று முடிவு செய்தேன். தம்பிக்கு யார் சோறு ஊட்டுவது என்று யோசித்தேன். கஞ்சி வைக்கத் தெரியும், ஆனால் எனக்கு ஸ்டவ்வை அணைக்கப் பயம். ஜெபம் செய்யலாம் என்றால் அதிலும் சிக்கல். திருடியவர்களைக் காப்பாற்றும்படி கேட்டால் கர்த்தர் கோபித்துக்கொள்வாரோ என்று, பொதுவாக எல்லோரையும் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டேன்.

அம்மாவோ பாட்டு முனகிக்கொண்டு அந்த ஜாக்கெட்டின் கையைப் பிரித்தாள், முதுகைக் குறைத்தாள், ஓரமெல்லாம் குஞ்சம் வெட்டினாள். வேலையை விட்டு வரும்போது சேலையில் ஒட்டிய நூலைக்கூட கேட்டுக்குள்ளேயே உதறிவிட்டு வருகிறவள் அவள். இப்படிப்பட்டவள் எப்படி இதைச் செய்தாள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, சனிக்கிழமை காலை. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி அந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். எங்கள் தெருக் கோடியில்தான் கம்பெனி வாட்ச்மேன் மாமாவின் வீடு. டிபன் பாக்ஸில் துண்டைக் கண்டுபிடித்தவர் அவர். நான் ஈரக்கையோடு ஓடிப் போய்ப் பார்த்தால், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தம்பி போட்டிருந்த ஜாக்கெட்டின் விளிம்பை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, நம்ம கம்பெனி மால் மாரி இருக்குது?"

தம்பி பெருமையாகத் தலையாட்டினான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா வூட்ல இல்லியா பாப்பா? சாயங்காலம் வர்றேன்னு சொல்லு. ஒரு வேலை இருக்குது."

அவர் போய்விட்டார். என் காதுக்குள் அந்த 'வேலை' மட்டும் நின்றது. தம்பியிடமிருந்து ஜாக்கெட்டைப் பிடுங்கி, அவனை பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, அம்மாவின் பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். நம்பர் எழுதிய துணியை வெட்டினேன். அது தோல் வெட்டும் கத்தரி. என் அவசரத்தில் லைனிங்கோடு நிற்காமல் முன்பக்கத் தோலையும் சேர்த்துக் கடித்துவிட்டது. நெஞ்சுப் பக்கம் நாலணா அளவுக்கு ஓட்டை. அதற்கெல்லாம் அழ நேரமில்லை.

ஆற்றில் போட்டுவிடலாம் என்று துணியை முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். பாலாற்றில் ஒன்றைப் போட்டால் அது போட்ட இடத்திலேயே கிடக்கும் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. கண்ணுக்கெட்டிய வரை மணல். வழியில்லாமல் மணலைத் தோண்டினேன். தோள் வரை கை போகும் அளவுக்குத் தோண்டி, துணியை உள்ளே திணித்து, மூடி, அதன்மேல் ஏறி மிதித்தேன். அடையாளம் எதுவும் வைக்கக்கூடாது என்று என் கால்தடத்தையும் கையால் அழித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து கரையேறினேன்.

சாயங்காலம் அம்மா வந்த கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் மாமாவும் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாத் தேவனையும் கூப்பிட்டேன், நான் கூப்பிடக்கூடாத பக்கத்துத் தெரு அம்மனையும் சேர்த்து. மாமா மஞ்சள் பையிலிருந்து ஒரு பேண்டை எடுத்தார்.

"நீளம் ஜாஸ்தியா இருக்குதும்மா. பண்டிகைக்குள்ள மடிச்சுத் தெச்சுக் குடுத்துடு. பாப்பாவுக்கு ஜாக்கெட்டு ஜோராத்தான் தெச்சிருக்க."

அவ்வளவுதான். டீ குடித்துவிட்டுப் போனார்.

அம்மா ஜாக்கெட்டை எடுத்தாள். ஓட்டையை அவள் முதலில் பார்க்கவே இல்லை. கை நேராக உள்பாக்கெட்டுக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை.

"இங்க இருந்தது எங்கடி?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்வீட்டு அத்தை, ஜெயில், கப்பல், மணல். "இனிமே உன்ன யாரும் புடிக்க மாட்டாங்கம்மா" என்று முடித்தேன்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். வெட்டின இடத்தை விரலால் தடவிக்கொண்டே, "நான் எடுத்துட்டு வரலடி. பாய் கடையில காசு குடுத்து வாங்கினது" என்றாள். நான் வேகமாகத் தலையாட்டினேன். யார் கேட்டாலும் நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்ற அர்த்தத்தில். அவளுக்கு அது புரிந்துவிட்டது போல, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும், சபைக்குப் போன சேலையோடேயே என்னை ஆற்றுக்குக் கூட்டிப் போனாள். எந்த இடம் என்று கேட்டாள். எல்லா இடமும் ஒன்றுபோல இருந்தது. நான் காட்டிய பக்கமெல்லாம் டிராக்டர் வந்து மணல் அள்ளிப்போன பள்ளம். அம்மா மண்டியிட்டு, பாயின் துணிக் குவியலில் துழாவுவது போலவே, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். இங்கே ஒரு இடம், அங்கே ஒரு இடம். வேறு யார் கையிலும் அது சிக்கிவிடக்கூடாது என்றுதான் தேடுகிறாள் என்று நான் நினைத்தேன். அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"நல்லா ஆழமா பொதைச்சிட்டேம்மா. யாருக்கும் கெடைக்காது."

அம்மா மணலில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். "ஆமாடி. கெடைக்காது" என்று எழுந்தாள்.

அடுத்த நவம்பரில் நான் அம்மாவோடு வேலூருக்குப் போனேன். அம்மா குவியலில் மூழ்கியிருந்தபோது பாய் என்னிடம், "போன வருசம் உங்கம்மா ஒரு ஜாக்கெட்டோட பாக்கெட்டத் திருப்பிப் பாத்துட்டு அப்டியே கீழ ஒக்காந்துட்டாங்க பாப்பா. எனக்கு பேஜாராயிடுச்சு. பாத்தா, சிரிக்கிறாங்க. பேரமே பேசாம வாங்கிக்கினு போனாங்க" என்றார். அம்மா திருடவில்லை என்று அன்றுதான் நம்பினேன். நிம்மதியாக இருந்தது. எதற்காகக் கீழே உட்கார்ந்து சிரித்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அது தோன்றுவதற்கு நானும் வேலைக்குப் போய், என் பெயரைத் தப்புக்காக மட்டும் கூப்பிடும் ஓர் அலுவலகத்தில் சில வருடங்கள் உட்கார வேண்டியிருந்தது. அம்மா தைத்த ஆயிரக்கணக்கான ஜாக்கெட்டுகளில் புகாரோடு திரும்பியவை மட்டும்தான் மறுபடி அவள் கண்ணில் பட்டன. நன்றாகத் தைத்தவை போனது போனதுதான். அவற்றில் ஒன்று, யாரோ ஒருவன் குளிரெல்லாம் போட்டு, முழங்கை வெளுத்து, ஒரு தையல்கூடப் பிரியாமல், தானாக அவள் கைக்கு வந்திருக்கிறது. அந்த நம்பரைக் கம்பெனி எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் நானும் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் காலையில் நான் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனேன். ஓட்டையை மறைக்க, பிரித்த கையிலிருந்து இதழ் இதழாக வெட்டி, அம்மா நெஞ்சுப் பக்கம் ஒரு பெரிய தோல் பூ வைத்துத் தைத்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மற்றதெல்லாம் விட்டு அந்தப் பூவைத்தான் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்.

"இந்தப் பூதான் அழகே. எந்தக் கடை?" என்றார் போதகரின் மனைவி.

அம்மா எப்போதும்போலச் சிரிக்கப் பார்த்தாள். பிறகு குனிந்து, பூவின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அம்மாவை ஜெயிலிலிருந்து காப்பாற்றியவள் நான்தான் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டேன்.