அவளிடம் மிஞ்சிய ஒரு சொல்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது ஒரு சனிக்கிழமை காலையில், தண்ணீர் பிடித்து முடித்த கையோடு. ஒரு குடத்தை இறக்கி வைத்தாள். அடுத்ததை எடுக்கக் குனிந்தவள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். என்ன என்று கேட்டேன். என்னைப் பார்த்தாளே தவிர பதில் வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு சந்து முனை வரை ஓடி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தோம்.

சில நாள் கழித்து, வார்டில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் வாய் திறந்தாள். "ஸ்தோத்திரம்" என்றாள். தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல். எனக்குக் கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது. எங்கள் மகள் அழுதுவிட்டாள். இன்னும் ஏதாவது பேசச் சொல்லிக் கெஞ்சினோம். மறுபடியும் "ஸ்தோத்திரம்" என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அதற்கும் "ஸ்தோத்திரம்". வலிக்கிறதா? "ஸ்தோத்திரம்."

வார்டு டாக்டர் ஒரு இளம் மராத்திப் பெண். அவர்தான் இந்தியில் பொறுமையாக விளக்கினார். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கிறது. சிலருக்கு எல்லாச் சொல்லும் போய், அதிகம் புழங்கிய ஒன்று மட்டும் தங்கிவிடும். அதை அவர்கள் வேண்டுமென்று சொல்வதில்லை, எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வந்துவிடும். சிலருக்குக் கெட்ட வார்த்தை தங்குவதும் உண்டு என்று சொல்லிச் சிரித்தார். மெல்ல மெல்ல மற்றவை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

ஆண்டவரைத் துதிக்கும் அந்தச் சொல் அவளிடம் தங்கியதில் ஆச்சரியமில்லை. எங்கள் சபையில் பெண்கள் ஜெபக் கூட்டத்தை வருஷக்கணக்காக நடத்தியவள் அவள். பால் பொங்கினாலும் ஸ்தோத்திரம், பஸ் கிடைத்தாலும் ஸ்தோத்திரம், மகளுக்கு ஐரோலியில் ஐடி கம்பெனி வேலை கிடைத்தபோது அன்று முழுக்க ஸ்தோத்திரம். நான் அப்படியில்லை. விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஞாயிறு ஆராதனைக்குப் போவேன், பின்வரிசையில் உட்காருவேன், முடிந்ததும் வந்துவிடுவேன். எங்கள் வீட்டு விசுவாசத்தை அவள் பார்த்துக்கொண்டாள். சமையலையும் அவள் பார்த்துக்கொண்டாள். இரண்டும் இப்போது என் தலையில் வந்து விழுந்தன.

வேலையை விட்டுவிட்டேன். வேறு வழியில்லை. தாராவியில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. கட்டிலைப் போட்டபின் மிச்சமிருந்த தரையில்தான் சமையல், துவைப்பு, என் படுக்கை எல்லாம். காலையில் அவளைத் துடைத்து, துணி மாற்றி, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்து, காலுக்கு எண்ணெய் தேய்த்து நிமிர்வதற்குள் மத்தியானம் வந்துவிடும். பிறகு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. என் இடுப்பு தினமும் என்னைத் திட்டியது. மகள் சனி ஞாயிறுகளில் வந்தாள். அவளும் பாவம், தாய் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் முகத்தையே பார்த்துக்கொண்டு திணறுவாள்.

"அப்பா, அம்மா க்யா போல்தி ஹை, எனக்கு ஒண்ணுமே சமஜ் ஆகல. எப்பப் பாத்தாலும் அதே வேர்டுதான்."

எனக்கு மெல்லப் பிடிபட ஆரம்பித்தது. வார்த்தையைக் கேட்கக் கூடாது, குரலைக் கேட்க வேண்டும். கடைசி எழுத்தை வெட்டிச் சொன்னால் தண்ணீர். இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் தோளில் வலி. அடுத்தடுத்து அவசரமாகச் சொன்னால் உடனே ஒண்ணுக்குப் பாத்திரம் எடுத்து வைக்க வேண்டும். உப்புமாவைப் பார்த்ததும் மூக்கால் ஒரு ஸ்தோத்திரம் சொல்வாள், அதை நான் இங்கே மொழிபெயர்க்க விரும்பவில்லை. ஒருநாள் டம்ளரை இடது கையால் தட்டிவிட்டு அதே சொல்லைக் கத்தினாள். தரையெல்லாம் பால். துடைத்துக்கொண்டே நினைத்தேன், இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு கோபப்பட்டதேயில்லை.

பாஸ்டர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று அவளுக்கு உடம்பு கொஞ்சம் தேவலை. அவர் கேட்டதற்கெல்லாம் அமைதியாக ஸ்தோத்திரம் சொன்னாள். அடுத்த ஞாயிறு மகளை வீட்டில் வைத்துவிட்டு நான் ஆராதனைக்குப் போனபோது, அவர் பிரசங்கத்தில் அதைச் சொன்னார். நம் சபையின் ஒரு சகோதரி படுக்கையில் கிடக்கிறார், சரீரம் விழுந்தும் வாய் துதிப்பதை நிறுத்தவில்லை, நமக்கு என்ன சாக்கு இருக்கிறது என்று கேட்டார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவனைப் போல நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றே ஆராதனை முடிந்து, மகள் கிளம்பிப் போனபின் ஒரு கூட்டம் வீட்டுக்கு வந்தது. அறையில் நிற்க இடமில்லாமல் வாசலிலும் நின்றார்கள். பெண்கள் கட்டிலைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் எல்லோரையும் பார்த்தாள். "ஸ்தோத்திரம்" என்றாள். "ஸ்தோத்திரம்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அவள் மறுபடி சொன்னாள். அவர்களும் சொன்னார்கள். யாரோ ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்க, எல்லோரும் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். அவள் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பாட்டுச் சத்தம் இன்னும் கூடியது. நான் வாசல் பக்கம் தள்ளப்பட்டிருந்தேன். அவளுடைய குரல் பாட்டுக்கு நடுவில் விட்டுவிட்டுத்தான் எனக்குக் கேட்டது. கேட்டதும் புரிந்துவிட்டது.

ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். "எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. அவளுக்கு ஒண்ணுக்கு வருது. அதத்தான் சொல்லிட்டு இருக்கா."

பாட்டு நின்றது. ஒருவர் பின் ஒருவராகச் சந்துக்கு இறங்கிப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டுப் போர்வையை விலக்கினேன். நேரம் தாண்டியிருந்தது. விரிப்பு முழுக்க நனைந்துவிட்டது. துணி மாற்றும்போது அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

வெளியிலிருந்து பாஸ்டர் கேட்டார். "பிரதர், நாங்க உள்ள வரலாமா?"

"வேண்டாம் பாஸ்டர். இன்னொரு நாள் பாக்கலாம்."

அதன்பின் சில வாரங்கள் நான் கோயிலுக்குப் போகவில்லை. வேதத்தைத் திறக்கவில்லை. ஜெபம் என்று ஒன்று செய்தேன் என்றால், விரிப்பைத் துவைத்துக்கொண்டே முணுமுணுத்ததுதான். உமக்கு வேண்டிய சொல்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டீரே ஆண்டவரே, அவளுக்கு வேண்டிய ஒன்றை விட்டிருக்கக் கூடாதா? 'தண்ணி' என்று ஒன்று. 'வலி' என்று ஒன்று.  பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் கதவைத் தட்டி ஒரு அம்மா வந்தார். எங்கள் சபைதான். மாட்டுங்காவில் இரண்டு பாலக்காட்டு வீடுகளில் சமையல் வேலை செய்பவர். என்னை அண்ணாச்சி என்றும் என் மனைவியை மைனி என்றும் கூப்பிடுவார். உட்காரச் சொன்னேன். கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் பாட்ட ஆரம்பிச்சது நாந்தான் அண்ணாச்சி."

"சரி விடுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்."

"தெரியாதுல்லா. அதுக்குத்தான் வந்தேன். மைனி எப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குச் சொல்லித் தாங்க. வேல முடிஞ்சு இந்த வழியாத்தான் போறேன். செவ்வா, வியாழன் ரெண்டு நாளும் நான் வந்து இருந்துக்கிடுதேன். நீங்க வெளிய தெருவ போய்ட்டு வாங்க."

ஜெபம் பண்ணட்டுமா என்று அவர் கேட்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்போது என் மனைவி ஏதோ சொன்னாள். அந்த அம்மா எழுந்து தண்ணீர் டம்ளரை எடுத்தார். மனைவி முகத்தைச் சுளித்து மறுபடி சொன்னாள். அவர் தலையணையைச் சரிசெய்தார். மூன்றாவது முறை சொன்னபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃபேன்" என்றேன். "வேகம் ஜாஸ்தியா இருக்காம்."

"அட, இதுக்கா மைனி இவ்வளவு கோவம்?" என்று அவர் ஃபேனைக் குறைத்தார். என் மனைவியின் கோணிய வாய் இன்னும் கொஞ்சம் கோணியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்கே ஒரு கணம் பிடித்தது. விழுந்தபின் அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

அந்த வியாழக்கிழமை வீட்டை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். எங்கே போவதென்று தெரியவில்லை. முடி காது வரை வளர்ந்திருந்ததால் சலூனுக்குப் போனேன். துணியைப் போர்த்தி, தலையில் தண்ணீர் தெளித்தது மட்டும் நினைவிருக்கிறது. தூங்கி எழுந்தபோது வெட்டி முடித்து, என் தலையைச் சாய்த்து வைத்துவிட்டு, கடைக்காரர் பக்கத்து நாற்காலியில் வேறொருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். "சோனே தோ, சோனே தோ" என்று அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. தூங்கட்டும் என்று என்னைப் பற்றி ஒரு மனிதர் சொல்கிறார்.  முதலில் நான் ஆண்டவரிடம் கேட்டது அற்புத சுகம். வந்து சேர்ந்தது ஒரு மத்தியானத் தூக்கம். அதை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் முன்பெல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் இருக்கும். நடத்துவது அவள்தான். விழுந்ததோடு அது நின்றிருந்தது. இப்போது அந்த நேரம் ஆனதும் அவள் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தாள். எனக்குத் தெரியாத மாதிரி இரண்டு மூன்று நாள் இருந்து பார்த்தேன். விடவில்லை. ஒருநாள் வேதத்தை எடுத்து, அவள் கடைசியாக அடையாளம் வைத்திருந்த சங்கீதத்தை வாசித்தேன். களைப்பில் நடுவில் ஒரு வசனத்தைத் தாண்டிவிட்டேன். உடனே வெட்டு வெட்டென்று ஒரு ஸ்தோத்திரம் வந்தது. திரும்பிப் போய் விட்டதை வாசித்தேன். எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அப்படித் தினமும் வாசித்தேன். பிரியத்தோடு வாசித்தேன் என்று சொன்னால் அது சரியாக இருக்காது. பல நாள் தூக்கக் கலக்கத்தில், எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். ஆனாலும் வாசித்தேன். நம்பிக்கை என்பது நெஞ்சில் பொங்கி வருவது என்று அதுவரை நினைத்திருந்தேன். பொங்காத நாளிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அதையும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்று இப்போது நம்புகிறேன். நம்பாமல் எனக்கு வேறு போக்கிடமும் இல்லை. ஜெபம் முடிந்ததும் அவள் ஒரு ஸ்தோத்திரம் சொல்வாள். மெல்லிய குரலில், எதையும் கேட்காமல். அது ஒன்றுக்கு மட்டும் எனக்கு அர்த்தம் பிடிபடவில்லை. ஒருவேளை அது அந்தச் சொல்லேதானோ என்னவோ. நான் விசாரிக்கவில்லை.

பாஸ்டரும் திரும்பி வந்தார், தனியாக. தரையில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு நான் பிரசங்கத்துல சொன்னது தப்பு பிரதர். கேக்காமலே அவங்க பேர்ல நான் பேசிட்டேன்."

"பரவால்ல பாஸ்டர்."

"ஜெபம் பண்ணலாமா?"

"என்கிட்டக் கேக்காதீங்க. அவகிட்டக் கேளுங்க."

கட்டில் பக்கம் திரும்பி அவளிடம் கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். "பண்ணலாம்ங்கறா" என்றேன். சுருக்கமாக ஜெபித்தார்.

மழைக்காலம் பாதி கடந்த ஒரு காலை. மளிகை தீர்ந்திருந்தது, உப்புமாதான் கிண்டினேன். கரண்டியை அவள் வாயருகே கொண்டு போனேன். உதட்டை இறுக்கினாள். மூக்கால் வரப்போகும் அந்த ஸ்தோத்திரத்துக்காகக் காத்திருந்தேன். அவள் தொண்டையில் ஏதோ உருண்டது. நெற்றி சுருங்கியது.

"வே... வேண்டாம்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "என்னது?"

"வேண்டாம்" என்றாள். அவளுக்கே திகைப்பு. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு விடாமல் சொன்னாள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவள் காலருகே உட்கார்ந்து அழுதேன். துதிக்க மட்டும் முடிந்த ஒருத்திக்கு மறுக்கவும் வாய் வந்துவிட்டது. அன்று நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், அவள் விழுந்தபின் முதல் தடவையாக, முழு மனதோடு. அந்த உப்புமாவை நான் சாப்பிட்டேன். அவளுக்கு டீயும் பாவ் ரொட்டியும் வாங்கி வந்தேன்.

இன்றும் அவள் நடப்பதில்லை. சொற்கள் சில வந்திருக்கின்றன, 'டீ', 'போதும்', மகளைக் கூப்பிடும் செல்லப் பேர். அந்த அம்மாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து வியாழக்கிழமை மட்டும்தான் வருகிறார். என் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றும் காலைகள் இப்போதும் உண்டு. எழுந்திருக்கிறேன்.

போன மாதம் சக்கர நாற்காலியில் வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். சந்தின் கல்லில் சக்கரம் மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் யாராவது வந்து ஒரு கை கொடுத்தார்கள். பாஸ்டர் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, முன்னால் வருகிறீர்களா, எல்லோரும் சேர்ந்து ஜெபிப்போம் என்று அவளைக் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள்.

பாஸ்டர்தான் முதலில் சிரித்தார். அவளும் சிரித்தாள். பின்வரிசை ஓரமாக நாற்காலியை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரசங்கம் தொடங்கிச் சற்று நேரத்தில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. நல்ல தூக்கம். நான் எழுப்பவில்லை. நற்கருணை நேரத்தில் பாஸ்டர் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பின்வரிசை வரை நடந்து வந்தார். தோளை லேசாக அசைத்தேன். அவள் கண்ணைத் திறந்து, பார்த்து, இடது கையை நீட்டினாள்.